ரெண்டு கோட்டுக்கு நடுவே

டோல்கேட்டில் வண்டி கைமாறும் நேரம் விடிகாலை நாலரை.
டில்லிபாபு இறங்குவான், நான் ஏறுவேன்.
சாவி சூடாக இருக்கும். சீட்டும்.
பேச்சு ரெண்டு வரிதான்:
'பிரேக் ஒரு பக்கமா இழுக்குது.'
'பாலுக்குச் சில்லறை ஜாமெட்ரி பாக்ஸ்ல கீது.'
அவன் வீட்டுக்கு நடப்பான்.
தேரடி, அஜாக்ஸ், எர்ணாவூர், எண்ணூர் என்று
நான் கூவத் தொடங்குவேன்.

ஆயில் மாற்றிய வாரத்தில் மட்டும்
பேச்சு நீளும்.

பழைய ஆயிலை யாரும் படிக்கலாம்.
தார் மாதிரி கறுப்பு.
கம்பியில் அது எங்கே நிற்கிறதென்று
தெருவிளக்கு எரியாத நாளிலும் தெரியும்.
புது ஆயில் அப்படியில்லை.
நல்லெண்ணெய் அதைவிடக் கறுப்பு.
உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவினால்
கம்பி வெறும் கம்பியாக மின்னுகிறது.
சாய்த்தால் ஏறுகிறது, நிமிர்த்தினால் காணோம்.
இந்தப் பக்கம் மேல்கோடு,
திருப்பினால் கீழ்க்கோட்டுக்கும் கீழே.

இந்தப் பக்கத்தில் எங்களுக்குப் படிக்கத் தெரிந்ததெல்லாம் அழுக்குதான்.
எந்த ஜன்னலில் கரித்தூள் படிகிறதோ
அந்தத் திசையில் காற்று.
கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சொல்லிவிடும்
இன்றைக்கு மணலியா, துறைமுகமா என்று.
சுத்தமாக ஒன்று வந்து நின்றால்
எங்கே பார்ப்பதென்றே தெரிவதில்லை.

'நீ பாக்காமலே ஓட்டறே' என்றேன்.
'நீ பாத்துட்டு ஊத்தறே' என்றான்.
ரெண்டும் உண்மை.
போன தடவை ஒன்றும் தெரியாமல்
கால் லிட்டர் ஊற்றிவிட்டேன்.
விம்கோ நகர் தாண்டுவதற்குள் பின்னால் ஒரே நீலப்புகை.
கம்பெனிக்குப் போகிற ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு,
'இருக்கிற புகை பத்தலையா, அக்கா?' என்றார்.
ஊற்றியதை இறக்க இருதயம் மெக்கானிக்
இருநூறு வாங்கினான்.

சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தேன். சின்னவளுடையது.
ஈரம் பட்ட இடம் கறுத்து, அளவு அழகாகத் தெரிந்தது.
மூன்றாம் நாள் அவன் கண்டுபிடித்தான்:
'இன்னாத்துக்கு இன்ஜினுக்கு மாவு ஊட்டறே?'
பிறகு அவன் முறை.
என் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய
கறுப்பு நெயில் பாலிஷைக் கம்பிக்கு அடித்தான்.
மத்தியானத்துக்குள் பாதி உரிந்துவிட்டது.
உரிந்தது எங்கே போனதென்று
இன்றுவரை நாங்கள் பேசுவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் நிற்கவில்லை.
சாவி மொய்தீன் டீக்கடையில் இருந்தது.
முந்தின நாள் சண்டை ஆயிலைப் பற்றியது இல்லை.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

கம்பியை உருவினேன்.
ரெண்டு கோட்டுக்கும் நடுவே
குறுக்கும் நெடுக்குமாக யாரோ அறுத்து வைத்திருந்தார்கள்,
மசாலா ஏற வவ்வால் மீனைக் கீறி வைப்பதுபோல.
வயிறு எரிந்தது. புதுக் கம்பி.
பாழாக்கிட்டியேடா என்று வாய்விட்டே சொன்னேன்.
மொய்தீன் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திப் பார்த்தார்.

துடைத்தேன். விட்டேன். உருவினேன்.

காய்ந்த கீறல்கள் சாம்பல் வெளுப்பு.
நனைந்தவை இருட்டு.
ரெண்டும் சந்திக்கும் இடம்
ஸ்கேல் வைத்ததுபோல் நின்றது.
சாய்த்தேன், நகரவில்லை.
திருப்பினேன், அந்தப் பக்கமும் அதேதான்.
மேல்கோட்டுக்கு ரெண்டு கீறல் கீழே.

குறுக்குக் கீறலை மட்டும் எண்ணினேன், பதினொன்று.
கடைசி ஒன்று கோணலாகக்
கோட்டைத் தாண்டிப் போயிருந்தது,
பிளேடு வழுக்கியிருக்கும்.

மறுநாள் அவன் வந்தான்,
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
நான் கேட்கவில்லை.
'ரெண்டு கீறல் கொறையுது' என்றேன்.
'தெரியும்' என்றான்.
'ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.'
வேறு ஏதோ சொல்லத்தான் நின்றான் போல.
அதற்குள் பின்சீட்டில் மீன் கூடையைத் தள்ளிக்கொண்டு
ஒரு அம்மா:
'எண்ணூர் போவுமா, போவாதா?'